வலப்பக்கம்

"அந்தப் பிள்ளைக்கு என்னால டீச்சரா இருக்க முடியாது மேடம். படிப்பையே நிறுத்திடறேன்" என்றாள் மரகதவல்லி.

ஜெசிந்தா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா."

சிறப்புக் கல்விக்கு ஆசிரியர்களைத் தயார்செய்யும் கல்லூரி அது. மேடம் அங்கே பேராசிரியை, மரகதவல்லி மாணவி. வயதில் மாணவிதான் பன்னிரண்டு வருஷம் மூத்தவள். மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருஷம் தானும் சேர்ந்தவள். சொந்தக்காரர்கள் சிரித்ததைக் காதில் போட்டுக்கொள்ளாதவள். அவளை எட்டு வயதுப் பெண் ஒருத்தி அழவைத்துவிட்டாள்.

"ரிஸ்வானா என்ன செஞ்சா?"

"ஒண்ணுமே செய்யல. அதுதான் மேடம். அவ பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போய் ஆறு நாளாச்சு, ஒரே பாடம். அஞ்சு வரைக்கும் எண்ணணும். பேச்சு வராத பிள்ளை, தொட்டுக் காட்டினாப் போதும். தொடவே மாட்டேங்கிறா. என்னை ஏறிட்டுக்கூடப் பாக்கல."

மேடம் பாடக்குறிப்பு நோட்டை வாங்கிப் பிரித்தார். முத்து முத்தான எழுத்து. பக்கத்தின் நடுவே ஒரு கோடு.

இடப்பக்கம், ஆசிரியர் செயல்பாடு: ஐந்து புளியங்கொட்டைகளை வைத்தல்.

வலப்பக்கம், மாணவர் செயல்பாடு: மாணவி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். மகிழ்ச்சி அடைவாள்.

ஆறு நாளும் இடப்பக்கம் மட்டும் அச்சுப் பிசகாமல் நடந்திருந்தது.

"வலப்பக்கத்தை எப்ப எழுதினீங்க?"

"முந்தின நாளே."

"அவ செய்யறதுக்கு முன்னாடியேவா?"

"எல்லாரும் அப்படித்தானே மேடம் எழுதறோம். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."



"ஆமா" என்றார். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

பிறகு வெள்ளைத்தாளில் ஒரு பட்டையை வெட்டி, பசை தடவி, மறுநாளுக்கு எழுதி வைத்திருந்த வலப்பக்கத்தின் மேல் ஒட்டினார். ஓரங்களை விரலால் நீவிவிட்டார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் இதை எடுத்துட்டுப் போங்க."

"பரீட்சை நடத்த வர்றவங்க ஏன் காலியா இருக்குன்னு கேட்டா?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

மேடம் கேட்டுக்கொண்டாரே என்றுதான் மரகதவல்லி போனாள். ஐந்து கொட்டைகளை வைத்தாள். நோட்டைத் திறந்தாள். அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று அதில் இல்லை. வேறு வழியில்லாமல் ரிஸ்வானாவைப் பார்த்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

ரிஸ்வானா ஒரு கொட்டையை எடுத்தாள். குனிந்து சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்தாள். சட்டென்று நிமிர்ந்து அதை மரகதவல்லியின் முழங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஆ!" என்று மரகதவல்லி அலறிவிட்டாள்.

சாயங்காலம் மேடம் அறைக்கு வந்தபோது முழங்கையில் சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. நோட்டை நீட்டினாள். வெள்ளைப் பட்டையில் அவசர எழுத்து, கோணலும் மாணலுமாக:

சூடு வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். அஞ்சு கொட்டையையும் தேய்த்து வைத்தாள். மேசையில் தேடினாள். இன்னொன்று கேட்டுக் கை நீட்டினாள்.

மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எண்ணினாளா?"

"இல்ல மேடம். நான்தான் எண்ணினேன்."

மேடம் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். போடாமல் நிமிர்ந்தார்.

"படிப்பை நிறுத்திடறேன்னு சொன்னீங்களேக்கா?"

மரகதவல்லி முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"எப்படி மேடம்? இன்னொண்ணு கேட்டிருக்காளே."