ஒன்பது பதினெட்டு: எல்லாம் நலம்

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று, குருவுக்கு இருபத்தெட்டு. ஆஸ்பத்திரியில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களில் ஒருவரும் சர்வர் அறைக்குள் வந்ததில்லை.

சீடர் சற்குணம், அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் இருபது வருடம் நின்றவர். ‘ஆபரேஷன் கட்டைப் பிரிச்சுப் பாக்காதீங்க, டாக்டர் பிரிப்பாரு’ என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். ஆள் பொறுமைசாலி என்று சர்வரையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பெனாசிர்.

அன்று சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், இனி ஐந்து மணிக்குத்தான் வரும். சர்வருக்கு பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் முறைப்படி அணைத்தாக வேண்டும்.

அணைப்பதற்கு முன் ஸ்கேன் படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேலை இல்லை அது. எழுத வேண்டியதை எழுதி முடித்து மூடிக்கொள் என்று கட்டளை கொடுப்பதுதான். சற்குணம் கொடுத்தார். டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது என்று திரையில் பதில் வந்தது.

“போன மாசமும் இதேதான் மேடம். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வயரைப் பிடுங்கிட்டேன். பதினாலு பேரு ஸ்கேன் போச்சு. ஒரு பெரியவரு ரெண்டு பஸ் மாறி மறுபடி வந்தாரு. என்னைய ஒரு வார்த்தை சொல்லல. அதான் தாங்கல.”

“இன்னைக்கு எத்தனை பேரு அண்ணாச்சி?”

“ஒம்பது. கரண்டு போறதுக்கு முன்னாடி காலைல எடுத்தது. அதுல ஒண்ணு மூணு வயசுப் பிள்ளை. மயக்க மருந்து குடுத்து எடுத்தது. இன்னொரு தடவ குடுக்கணும்னு நான் போயி அந்தத் தாய்கிட்டச் சொல்லவா?”

பேட்டரிப் பெட்டி கீச்சிட ஆரம்பித்தது. பதினொரு நிமிடம் என்று காட்டியது. சற்குணத்தின் கை வயர் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது.

“யாரு மேடம் பிடிச்சு வச்சிருக்கா? எல்லா ரூம் கம்ப்யூட்டரையும் அணைச்சாச்சு. நானே போயிப் பாத்துட்டு வந்தேன்.”

“எங்கிட்டக் கேட்டா? டிஸ்க்குகிட்டக் கேளுங்க.”

எப்படிக் கேட்பது என்று பெனாசிர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை தப்பாகத் தட்டினார் சற்குணம். மூன்றாவது தடவை ஒரே ஒரு வரி வந்தது. புரோகிராமின் பெயர் காவல். ஓட்டுபவர் சற்குணம்.

ஒன்றரை மாதத்துக்கு முன் காவலை எழுதியவரே அவர்தான். போன வருடம் ஒரு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனதிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கைச் சோதித்து, எல்லாம் நலம் என்று அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும் அந்தப் புரோகிராம். அது எழுதும்வரை டிஸ்க் மூடிக்கொள்ளாது. சாப்பாட்டுக்கு நடுவிலும் போனை எடுத்து அதைத்தான் பார்ப்பார்.

“இது பாதுகாப்புக்குல்லா போட்டது மேடம்.”

பெனாசிர், காவல் எழுதியதில் போன மாதத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினார். வயரைப் பிடுங்கிய நாள். கடைசி வரி: ஒன்பது பதினெட்டு, எல்லாம் நலம்.

பக்கத்தை மூடிவிட்டு கீபோர்டைச் சற்குணம் பக்கம் தள்ளினார். ஆறு நிமிடம் இருந்தது.

“இதை நிப்பாட்டிட்டா அப்புறம் யாரு பாத்துக்கிடுவா?”

பெனாசிர் பேட்டரிப் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

சற்குணம் காவலை நிறுத்தினார். மறுபடி கட்டளை கொடுத்தார். திரை ஒன்றுமே சொல்லவில்லை. கழன்றுவிட்டால் அது எதுவும் சொல்லாது, அதன் வழக்கம் அப்படி. அவருக்கு அதுவும் பயமாக இருந்தது. சர்வரை அணைத்தார். விசிறிச் சத்தம் நின்றது.

“பத்திரமா இருக்கும்லா மேடம்?”

“அஞ்சு மணிக்குப் பாப்போம்.”

அன்று அவர் சாப்பிடவில்லை. போனை எடுப்பதும், பார்க்க ஒன்றும் இல்லாமல் வைப்பதுமாகவே பொழுது போனது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஒன்பது ஸ்கேனும் இருந்தன. பிள்ளையின் ஸ்கேனை மட்டும் இரண்டு தடவை திறந்து பார்த்தார். உடனே அவர் கை காவலை ஓட்டப் போனது.

“மறுபடி போட்டுரட்டுமா மேடம்? பாத்துக்கிட்டே இருந்தாத்தான் மனசு கேக்குது.”

“கவுண்டர்ல ஒரு அம்மா வந்து, கட்டைப் பிரிச்சுப் பாத்தாத்தான் மனசு கேக்கும்னு நின்னா, என்ன சொல்லுவீங்க அண்ணாச்சி?”

இருபது வருடமாகச் சொன்ன பதில் அவர் வாய் வரை வந்தது. அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.