மூன்றாம் சாட்சி

ஆதியப்பக் கணியர் வீட்டில் ஏடுகள் இரண்டு விதம். சுவடிக் கட்டுக்குள் இருப்பவை, தொங்கலில் இருப்பவை.

கட்டுக்குள் இருக்கிற பாட்டை வைத்து ஊருக்குப் பலன் சொல்லலாம். கல்யாணத்தை நடத்தலாம், நிறுத்தலாம். தொங்கல் ஓலைகள் அடுப்புக்கு மேலே, விட்டத்தில், நூலில் ஆடிக்கொண்டிருக்கும். யாரோ எப்போதோ எழுதியவை. மெய்யா என்று இன்னும் தேறாதவை.

ஒரு பாட்டு தேற மூன்று சாட்சி வேண்டும். பாட்டில் உள்ளபடியே நடந்ததைக் கண்ணால் கண்டவர் வந்து, யாருக்கு நடந்ததோ அவர் பெயரை ஓலையின் ஓரத்தில் தன் கையால் கீற வேண்டும். மூன்றாம் பெயர் விழுந்த அன்று ஓலையை இறக்கிக் கட்டுக்குள் சேர்ப்பார்கள். அதற்கப்புறம் அதை எதிர்த்து யாரும் பேச முடியாது.

தேறாத பாட்டை வாசலுக்கு வெளியே சொல்லக் கூடாது. மாணாக்கராகச் சேருகிற அன்று கணியர் சொல்லும் முதல் விதி அதுதான்.

மருதையன் அதை மீறியிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கணியரைவிடப் பத்து வயது மூப்பு. மாட்டுத் தரகு செய்து தானாக மேலே வந்தவர். வெக்கை நோயில் ஒரே வாரத்தில் நாற்பது மாடு செத்துப்போனது. ஏன் என்று கேட்டுக்கொண்டு கணியர் வீட்டுப் படி ஏறியவர், பதில் கிடைக்காமல் அங்கேயே உட்கார்ந்து எழுத்தாணி பிடிக்கக் கற்றுக்கொண்டார். மூன்று வருஷம் ஆகிறது.

"மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி ஓலையைப் பிடிக்கிறீரே. அது கடிக்காது" என்று முதல் நாள் கணியர் சிரித்தார்.

இன்று மருதையன் வந்தபோது தலை மழித்திருந்தது. மகன் காளத்திக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள்.

அவர் உட்காரவில்லை. நேரே அடுப்பங்கரைக்குப் போனார். விட்டத்தில் கை போட்டு ஓர் ஓலையை நூலோடு அறுத்துக்கொண்டு வந்து கணியர் முன்னால் போட்டார்.

"கட்டுல சேருங்க ஆசானே."

கணியர் ஓலையை எடுத்தார். புகை படிந்திருந்தது. துடைத்துப் படித்தார்.

*மாலையாய்க் கொடியைச் சூடி மண்ணிலே மகவு வந்தால்*
*ஆலையில் கரும்பு போல அன்னையின் தம்பி மாய்வான்.*

ஓரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. நாகன். பெரியதம்பி.

"மூணாவது பேரை நான் கீறுறேன்" என்றார் மருதையன். "எம் பொண்ணு பூவாயிக்குப் பொறந்த புள்ள கழுத்துல கொடி சுத்தி வந்தது. மூணாம் நாள் எம் மவன் செத்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"என்ன அவசரம்?"

"உப்பு வண்டி வந்திருக்கு. பொழுது சாயப் பொறப்படுது. புள்ளைய அவங்ககிட்ட குடுத்துடப் போறேன். மருமவன் வீட்டுல வேணாம்னுட்டாங்க. பூவாயிதான் விடமாட்டேங்குறா. கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு உள்ள கெடக்குறா."

"ஊர் என்ன சொல்கிறது?"

"கட்டுல ஏறின பாட்டு சொன்னா தாய்கிட்டயிருந்து வாங்கலாமாம். தொங்கலை நம்பி வாங்க முடியாதாம். அதான் வந்தேன். கீறுறேன், சேருங்க, ஏட்டைக் குடுங்க. ஊர்ல காட்டணும்."

கணியர் எழுத்தாணியை எடுத்து ஓலைமேல் வைத்தார். ஆனால் தள்ளிக் கொடுக்கவில்லை.

"மூன்றாம் பெயர் எழுதுகிறவர் முதல் இரண்டு பெயரின் கதையைக் கேட்க வேண்டும். அதுவும் முறைதான்."

"இத்தனை நாள் சொல்லல?"

"இத்தனை நாள் நீர் சாட்சி இல்லை."

மருதையன் உட்கார்ந்தார். துண்டை உதறி மடியில் போட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க."

"நாகன் கிணறு வெட்டுகிறவன். பக்கச்சுவர் சரிந்து செத்தான். அவன் அப்பன் இந்த வீட்டில் ஏடு எழுதியவன். பாட்டைக் கட்டியவனும் அவன்தான்."

"அவன் அக்கா புள்ளையும் கொடி சுத்திப் பொறந்ததா?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன? சரியாத்தானே இருக்கு!"

"நாகன் செத்தபோது அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு."

மருதையன் நிமிர்ந்தார். பேரத்தில் எங்கே நூல் விட்டுப்போகிறது என்பது அவருக்கு உடனே தெரியும்.

"பத்து வருஷம் சும்மா இருந்துட்டு அப்புறமா கொன்னுச்சா?"

"மகன் செத்தபிறகு அப்பன் தேடினான். கிணற்றுக்காரனைத் தேடினான், மண்ணைத் தேடினான், தன் கிரகத்தைத் தேடினான். கடைசியில் பத்து வருஷம் பின்னால் போய் அந்தப் பிள்ளையிடம் நின்றான்."

"சரி, ஒண்ணு சொத்தைன்னே வச்சுக்குங்க. ரெண்டாவது?"

"பெரியதம்பிக்குப் பாட்டை யாரோ சொல்லிவிட்டார்கள். உம்மைப் போல ஒரு மாணாக்கன்தான். அக்கா பிள்ளையின் கண்ணில் படக் கூடாது என்று அவன் ஊரைவிட்டே ஓடினான். போன இடத்தில் வாந்திபேதி. ஒன்பதாம் நாள் சேதி வந்தது."

"செத்தானா இல்லையா?"

"செத்தான்."

"பாட்டு சொன்னபடி?"

"பாட்டு சொன்னபடி."

"அப்புறம் எதுக்கு இழுக்குறீங்க? எங்க செத்தா என்ன, எப்படிச் செத்தா என்ன? கணக்கு நேரா இருக்கு."

"பெரியதம்பியின் அக்கா பிள்ளையை உப்பு வண்டியில் ஏற்றினார்கள்" என்றார் கணியர். "அடுத்த தை மாசம் அதே வண்டி திரும்பி வந்தது. பிள்ளை அதில் இல்லை."

"எங்கனு கேட்டாங்களா?"

"யாரும் கேட்கவில்லை."

அடுப்பில் விறகு வெடித்தது. மருதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் இருமல் சத்தம். உப்பு வண்டிக்காரன் குப்பாண்டி, படி ஏறாமல் கீழேயே நின்று கூப்பிட்டான்.

"பெரியவரே! புள்ள உண்டா இல்லையா? மாடு பூட்டாம நிக்குது. உண்டுன்னா சொல்லுங்க, ஆட்டுப்பால் வாங்கிக் கட்டணும். இல்லைன்னா ஆள விடுங்க."

"நில்லுடா! பொழுது சாயத்தானே பொறப்படுற? வர்றேன்!"

"எனக்கென்ன, நிக்குறேன். வழியில செத்துதுன்னா என்னைக் கேக்கக் கூடாது. அதை இப்பவே சொல்லிட்டேன்."

குப்பாண்டி சுவரோரம் குந்திக்கொண்டான். மருதையன் பல்லைக் கடித்தார். பிறகு கணியர் பக்கம் குனிந்து, சந்தையில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஆசானே, நேரா கேக்குறேன். பாட்டு பொய்யா?"

"நான் சொல்லவில்லையே."

"மெய்யா?"

"அதையும் சொல்லவில்லை. என் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைகள் பதினேழு. ஜாதகம் குறித்தவன் நான். மாமன்மார் இருக்கிறார்கள். ஒருவன் உம்மிடம்தான் போன வருஷம் காளை வாங்கினான்."

"அவங்க பேரெல்லாம் எங்க?"

"வாழ்ந்தவனுக்கு ஓலையில் ஓரம் கிடையாது."

"ஏன் எழுதல?"

"சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. செத்த வீட்டிலிருந்துதான் வருகிறார்கள்."

மருதையனுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்தார்.

"அப்போ இந்தக் கருமத்தை ஏன் எரிக்கல? ஏன் என் கண்ணுல படுற மாதிரி தொங்க விட்டீங்க? நீங்க எரிச்சிருந்தா நான் படிச்சிருப்பேனா? படிக்கலைன்னா நான்..."

நிறுத்தினார்.

கணியர் காத்திருந்தார்.

"எரித்திருக்கலாம்" என்றார் கணியர். "ஏட்டை எரிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் கை வந்ததில்லை. எனக்கும் வரவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். இப்போது உம் சாட்சியைச் சொல்லும்."

"என்ன சொல்லணும்?" என்று மருதையன் மறுபடி உட்கார்ந்தார்.

"கண்டதை. மாமன் பெயர்?"

"காளத்தி."

"எப்படிச் செத்தான்?"

"ஆத்துல. மறுகரைச் சந்தைக்கு ஆறு காளைய ஓட்டிக்கிட்டுப் போனான். நடு ஆத்துல வெள்ளம் அடிச்சுது. காளை நாலு கரை ஏறிச்சு."

"என்ன தண்ணீர்?"

"புதுத் தண்ணி."

"புதுத் தண்ணீரில் மாடு இறக்குவீரா?"

"எந்த மடையன் இறக்குவான்? பத்து நாள் பொறுத்துத்தான்..."

மறுபடி நிறுத்தினார். கணியர் விடவில்லை.

"அவன் பொறுக்கவில்லையா?"

மருதையன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் சின்னதாகிவிட்டது.

"பொறுத்துப் போறேன்னுதான் சொன்னான். தண்ணி வரத்து சரியில்ல அப்பான்னான். மருத்துவச்சி வெளிய வந்து கொடி சுத்தியிருந்துச்சுன்னு சொன்ன நாழிகைக்கு நான் இந்தப் பாட்டை அவங்கிட்ட சொன்னேன். சிரிச்சான். ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறேன்னான். நான் கையப் புடிச்சு வாசலுக்கு இழுத்தேன். போடா, உசுருதான் முக்கியம், ஒரு மாசத்துக்கு இந்தக் கரையில கால வைக்காதேன்னேன். ரெண்டு நாள் கரையிலயே உக்காந்திருந்தான். தண்ணி வடியல. மூணாம் நாள் நான் போய்ப் பாத்தேன். இன்னுமாடா கெடக்குறன்னு கேட்டேன்."

"இறங்கினானா?"

"எம் முன்னாலதான் எறங்கினான்."

வெளியே குப்பாண்டி மறுபடி இருமினான். இந்தத் தடவை யாரும் அவனை அதட்டவில்லை.

"உடல் கிடைத்ததா?"

"கெடச்சுது. நாலு மைல் கீழ, நாணல்ல."

"மடியில் ஏதாவது இருந்ததா?"

மருதையன் துண்டை முறுக்கினார்.

"வசம்பு. அஞ்சு துண்டு. நூல்ல கோத்தது."

"எப்போது கோத்தான்?"

"பூவாயிக்கு வலி எடுத்த அன்னிக்கே. கொட்டாய்ல உக்காந்து கோத்துக்கிட்டு இருந்தான். ஆம்பளப் பயலுக்கு என்னடா பொம்பள வேலைன்னு திட்டினேன். மாமன் கட்டுற வளையல் மாமந்தான் கோக்கணும்னான்."

கணியர் எழுத்தாணியை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதும்."

மருதையன் எழுத்தாணியை எடுத்தார். இடது கையில் ஓலையைப் பிடித்தார். இரண்டு பெயர்களுக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் இருந்தது. முனையை வைத்தார். 'கா' கீறினார். நின்றார்.

"எடம் பத்தாது" என்றார்.

"பெயருக்குப் போதும்."

"நான் சொன்ன மத்ததெல்லாம்?"

"நாகனுக்கும் அவ்வளவு இடம்தான். பெரியதம்பிக்கும் அவ்வளவுதான்."

ஆயிரம் மாட்டுக்குத் திமில் தடவிய கை. ஓர் எழுத்துக்கு அப்புறம் நகரவில்லை.

"ஆசானே, நான் எழுதாமப் போனா..." என்று ஆரம்பித்தார். "எழுதாமப் போனா, என் மவன் எதனால செத்தான்?"

கணியர் அவர் கையில் இருந்த ஓலையைப் பார்த்தார்.

மருதையனும் அதைப் பார்த்தார். பிறகு வேகமாகத் தலையை ஆட்டினார். வேண்டாத விலையைத் தட்டிக்கழிக்கிற மாதிரி.

"இல்ல. எழுதத்தான் போறேன். எழுதியே ஆகணும். அது அந்த வீட்டுல இருக்குற வரைக்கும் என்னால அங்க படுக்க முடியாது. இருவத்திரெண்டு நாளா கொட்டாய்லதான் கெடக்குறேன். அது அழுவுறது கேக்குது. ராத்திரி பகல் இல்லாம கேக்குது."

"எழுதும். தடுக்கவில்லை. ஒரு கேள்விதான் பாக்கி. சாட்சி இரண்டு பேரையும் கண்ணால் கண்டிருக்க வேண்டும். மாமனைக் கண்டீர். பிள்ளைக்கு அடையாளம் சொல்லும்."

"என்ன அடையாளம்?"

"நிறம். மச்சம். முகம் யார் சாயல். எதுவானாலும்."

மருதையன் ஓலையைக் கீழே வைத்தார்.

"பொண்ணு புள்ளன்னு சொன்னாங்க" என்றார்.

"சொன்னார்கள். நீர் பார்த்தீரா?"

"இல்ல."

"இருபத்திரண்டு நாளில்?"

"இல்ல."

குப்பாண்டி எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டினான். வாசற்படியில் ஒரு காலை வைத்தான்.

"பெரியவரே, கடைசியாக் கேக்குறேன். பூட்டட்டுமா, வேணாமா?"

மருதையன் அவன் பக்கம் திரும்பவில்லை. கணியரைப் பார்த்தார். அந்த முகத்தில் இப்போது பேரம் இல்லை, கோபமும் இல்லை.

"என்ன செய்யட்டும் ஆசானே?"

கணியர் அந்த ஓலையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துப்போம். எழுத்தாணியையும் எடுத்துக்கொள்ளும். பூவாயியிடம் கதவைத் திறக்கச் சொல்லி, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்ளும். அது விழித்திருக்கும்போது, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, உம் மகன் பெயரின் மிச்ச எழுத்துகளைக் கீறும். முடித்துக் கொண்டுவந்தால், இன்றைக்கே கட்டுக்குள் சேர்த்துத் தருகிறேன்."