ஓங்கில் கண்ணைக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, கங்கையின் அடிமணல் மேலிருந்து பார்த்தாலே தெரியும். ஆற்றில் வாழ்ந்த ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, அப்போது பெரிய கண்கள். கரை நாணலில் இருந்த தும்பிக்கோ கடுகளவு கண்கள்தான்.

ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவு இடிந்து மண்ணெல்லாம் ஆற்றில் விழுந்தது. கலங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் தெளியவில்லை. ஓங்கில் தன் குட்டியை விலாவோடு ஒட்டவைத்தே நீந்தியது. ஒரு காலையில் மூச்செடுக்க மேலே வந்து திரும்பியபோது குட்டியைக் காணோம்.

ஓங்கில் மீனல்ல. அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுக்காவிட்டால் செத்துப்போகும். தாய் சேற்றுக்குள் முட்டி மோதித் தேடியது. பிறகு தும்பியிடம் வந்து கேட்டது. தனக்கும் பார்வை எட்டாது என்றது தும்பி. அதே தண்ணீரில் இட்ட தன் முட்டைகள் என்ன ஆயினவோ என்று அதுவும் தவித்துக்கொண்டிருந்தது.

"என் கண்ணை எடுத்துக்கொள். மேலேயிருந்து தேடு" என்றது ஓங்கில்.

"திருப்பித் தர முடியாமல் போனால்?"

"குட்டிக்கு மூச்சு முட்டும் நேரம் இது. போ."

அந்தக் கண்கள் தும்பியின் சின்னத் தலையை முழுக்க மூடிக்கொண்டன. பறந்து போன தும்பி, ஆற்றின் வளைவில் ஒரு வலை துடிப்பதைக் கண்டது. அது படகோட்டி சோன்மதியின் வலை. அவள் வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு வலைதான். பெரிய மீன் சிக்கியது என்று அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, அது மீனில்லை, ஓங்கில் குட்டி" என்றது தும்பி.

சோன்மதி நம்பவில்லை. ஆனால் கையிலிருந்த கயிற்றின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அவள் அரிவாளை எடுத்து வலையை அறுத்தாள்.

தும்பி அந்த இடத்தில் தண்ணீரை வாலால் தட்டித் தட்டிக் காட்டியது. கண் இருந்தவரை ஓங்கில் அவ்வளவு உன்னிப்பாக எதையும் கேட்டதில்லை. சத்தம் வந்த திசையில் பாய்ந்து, குட்டியை மேலே தூக்கியது. குட்டி அசையவில்லை. மூவரும் காத்துக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்துப் புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது.

கண்களைக் கழற்றப் பார்த்தது தும்பி. அவை ஒட்டிப்போயிருந்தன.

அன்று முதல்தான் ஓங்கில் பார்வையின்றிச் சத்தத்தைக் கேட்டே வழி தேடுகிறது. தலையெல்லாம் கண்ணான தும்பியோ, கீழே ஓங்கில் இருக்கிறதா என்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே பறக்கிறது.