ராஜா மடியில் ஒரு பூசணிக்காய்

காரில் ஏறினதும் "அப்பா மடிதான் வேணும்" என்று பிள்ளை அடம் பிடித்தால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவேன்.

மருதவேந்தன் என்றொரு ராஜா. ஆயுத பூஜைக்கு அவருக்குப் புதுத் தேர் வந்தது. நாலு குதிரை, பறக்கிற வேகம். விழாமல் இருக்கத் தோளுக்கும் இடுப்புக்கும் தோல்வார். நாலு வயது மகள் செங்கமலத்தோடு ஊரைச் சுற்ற அவருக்கு ஆசை.

மந்திரி ஏகாம்பரம் குட்டி மர இருக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்னய்யா?"

"இளவரசிக்கு, மன்னா. சும்மா உட்கார்ந்தால் வார் அவங்க கழுத்தை அறுக்கும். இதில் ஏற்றி வைத்தால் தோளில் சரியாகப் பதியும்."

"தேரில் எனக்குச் சமமாக இன்னொரு ஆசனமா? அரண்மனை வழக்கம் தெரியாதா? அவள் என் மடியில் இருப்பாள். யானையை அடக்கின கை இது!"

ஏகாம்பரம் வாதாடவில்லை. "சரி மன்னா. திருஷ்டிக்கு உடைக்க ஒரு பெரிய பூசணிக்காய் இருக்கிறதே, அதுவும் இளவரசி கனம்தான். முதலில் அதை மடியில் வைத்து ஒரு சுற்று போய் வாங்க. முழுசாகத் திரும்பி வந்தால் இந்த இருக்கையை நானே அடுப்பில் வைக்கிறேன்."

"அவ்வளவுதானே!" ராஜா தன் வாரை இறுக்கிக்கொண்டு பூசணியைக் கட்டிப் பிடித்தார். ஏகாம்பரம் சாரதி காதில் ஏதோ சொன்னார்.

தேர் பறந்தது. சுற்றி வந்து அரண்மனை வாசலை நெருங்கும்போது சாரதி சட்டென்று லகானை இழுத்தான். பூசணி ராஜா கையை விட்டு, சாரதி தலைக்கு மேலே, குதிரைகளையும் தாண்டிப் போய் விழுந்தது. படார்!

"ஏண்டா இப்படி நிறுத்தினே?"

"நான்தான் சொன்னேன், மன்னா," என்றார் ஏகாம்பரம். "குறுக்கே ஆட்டுக்குட்டி வந்தாலும் இப்படித்தான் நிறுத்துவான். பூசணி உடையத்தான் வந்தது. உடைந்தது."

ராஜா சிதறின பூசணியைப் பார்த்தார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். இருக்கையைத் தானே தூக்கி வைத்து, மகளை உட்கார வைத்து, வாரை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. தாவி உட்கார்ந்து, "ம், ஓட்டு!" என்றார்.

"நில்லுங்க!" என்று கத்தினாள் செங்கமலம். "அப்பா வாரே போடலை! நம்மகிட்ட வேற பூசணியும் இல்லை!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். அப்புறம், சமர்த்தாக வாரையும் போட்டுக்கொண்டார்.