பெயர் வராத புள்ளி

கேட்பவர்களுக்கு ஒரு நிபந்தனை. கதை முடிகிறவரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவசரப்பட்டுப் பாதியிலேயே பதில் சொன்னவர்கள் கடைசியில் அசடு வழிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை நடந்தது. அதற்கான வரைபடங்களைக் கணினியில் போடுகிறவள் திலகவதி. சொந்த ஊர் ஆரணி. கல்யாணமானதும் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். புருஷன் வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்குள் அந்தக் கல்யாணமே முறிந்துபோனது. ஆக, எந்தக் கார்டிலும் இல்லாத அந்தப் பெண் இந்த ஊரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்வாள். வேலை அப்படியொன்றும் அதிகமில்லை. அறையில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நிலத்தை அளந்து வந்தவர் சர்வேயர் சூசைராஜ். அவர் தரும் நிலவரைபடம் ஒரே கோப்பாக இருக்காது. கோடுகளும் புள்ளிகளும் ஒன்றில் இருக்கும்; எந்தப் புள்ளி மரம், எது மின்கம்பம் என்ற விவரம் இன்னொன்றில் இருக்கும். எல்லாம் சேர்ந்து வந்தால்தான் திலகவதியின் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பெயரோடு விழும். சூசைராஜ் அவசரத்தில் விவரக் கோப்பை மட்டும் அனுப்ப மறந்துவிட்டு, வேறு வேலையாக மலைக்காட்டுக்குப் போய்விட்டார். அங்கே சிக்னல் கிடையாது.

வரைபடமோ மாலைக்குள் போயாக வேண்டும். திலகவதி செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் தேடினாள். இது வேலிக்கருவை, இது மின்கம்பம், இது ஓடைப்பாலம் என்று வரிசையாகப் பிடிபட்டன. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்கு வெறுங்காடு, நடுவில் அந்தப் புள்ளி. படத்தில் அந்த இடத்தில் கறுப்பு மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. குழாய்க் கோடு நேரே அதன் மேல்தான் போனது.

பொறியாளர் மாசானமுத்து எட்டிப் பார்த்தார். கருவி தவறுதலாகப் பதிந்த புள்ளியாயிருக்கும், அழித்துவிடுங்கள் என்றார். அந்த அலுவலகத்தில் பெயரில்லாத புள்ளியைத் தூசி என்பார்கள். வரைபடம் அனுப்பும் முன் தூசி தட்டுவது அங்கே வழக்கம்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்த திலகவதிக்கு அழுத்த மனம் வரவில்லை. பெயர் சொல்ல ஆளில்லை என்பதற்காக ஒன்றை இல்லாமல் ஆக்கிவிடலாமா? இதைப் போய்ப் பொறியாளரிடம் எந்த வாயால் சொல்வது?

"அங்க மண்ணு மூடுன பழைய கிணறு ஒண்ணு இருக்குது சார். சூசைராஜ் சார் முன்னாடியே சொன்னாரு," என்றாள்.

முழுப் பொய். ஆனால் கிணறு என்றால் குழாயை விலக்கித்தான் ஆக வேண்டும். நீளம் கூடுவதற்கு மேலிடத்துக்குத் தானே பதில் எழுத வேண்டும் என்று முணுமுணுத்தபடி, மாசானமுத்து கோட்டை இருபது மீட்டர் வளைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மாசி மாதம் பள்ளம் தோண்டும் வேலை அந்தப் பக்கம் வந்தது. ராமநாதபுரம் பக்கமிருந்து செம்மறி மந்தையை ஓட்டி வந்த மேய்ப்பர் தலைவர் சாத்தையாக் கீதாரி, பள்ளம் வளைந்து போவதைப் பார்த்தார். வேலையாட்களிடம் விசாரித்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி. அன்றைக்குத் திலகவதி, மாசானமுத்து, சூசைராஜ் மூவரும் அங்கே இருந்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாளாம். ஊருக்குத் தூக்கிப் போக வழியில்லாமல் அங்கேயே புதைத்தார்கள். அடுத்தவர் நிலம் என்பதால் மேடு எழுப்பவில்லை, தலைமாட்டில் ஒரு கல்லை மட்டும் பதித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மந்தை அந்த வழியே வரும்போது சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். போன மாசியில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அளக்க வந்த சூசைராஜிடம் இடத்தைக் காட்டினார்.

சூசைராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைக் குழி என்று விவரத்தில் எழுதியது தான்தான், பிறகு யாரும் கேட்காததால் அந்தக் கோப்பை அனுப்பவேயில்லை என்றார். கோட்டை வளைத்துக் கையெழுத்துப் போட்டது தானல்லவா என்று மாசானமுத்து கேட்டார். திலகவதி எதற்கும் உரிமை கொண்டாடவில்லை. கிணறு என்று சொன்னது பொய் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டாள். இந்த வேலையும் போனால் போக இடமில்லை என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டாள்.

கீதாரி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எம் புள்ள மேல மம்பட்டி படாமப் பாத்துக்கிட்டவுகளுக்குன்னு கொண்டாந்தேன். குட்டி ஒண்ணுதான் இருக்கு. யாரு கையில குடுக்க?"

அறிந்து குறித்தவர் சூசைராஜ். பொய் சொல்லிக் காத்தவள் திலகவதி. பொறுப்பேற்று வளைத்தவர் மாசானமுத்து. இந்த மூவரில் குட்டி யாருக்குச் சேர வேண்டும்? இப்போது சொல்லுங்கள்.

விடை: குட்டி திலகவதிக்கே. சூசைராஜுக்கு நல்ல மனசுதான், ஆனால் அவர் எழுதியது அவர் கணினியிலேயே தங்கிவிட்டது. மாசானமுத்து வளைந்து கொடுத்தது கிணற்றுக்கு. அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாமலே, ஏதோ இருக்கிறது என்று மதித்தவள் அவள் ஒருத்திதான். பொய் சொன்னதற்கு மாசானமுத்து அவளிடம் விளக்கம் எழுதி வாங்கினார், அதுவும் நியாயமே. ஆனால் வாடகை அறையில் ஆடு வளர்க்க வீட்டுக்காரர் விடுவாரா? "குட்டி உங்க மந்தையிலயே இருக்கட்டும். அடுத்த மாசியில வரும்போது என்னைப் பாத்துட்டுப் போங்க," என்றாள். "வாரேன் தாயி," என்றார் கீதாரி. அவளைப் பார்ப்பதற்கென்றே வருகிறேன் என்று அந்த ஊரில் அதுவரை யாரும் சொன்னதில்லை.