மேகம் வைத்திருந்த ஓலை

மலையடிக் காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. அதற்கு மூன்று வளைகள். ஒன்று பாறையடியில், ஒன்று ஓடைக்கரையில், ஒன்று இலுப்பை வேரில்.

கோடையிலும் வற்றாத ஊற்றுகளை அதன் கணவன் காடெல்லாம் நடந்து தேடியது. இருக்கும் இடங்களைத் தன் முள்ளால் ஓர் ஓலையில் கீறி வைத்தது. பிறகு கண்ணியில் சிக்கிச் செத்தது. முள்ளி அந்த ஓலையைப் பார்த்து இன்னும் இரண்டு ஓலைகள் கீறி, வளைக்கு ஒன்றாக வைத்தது. ஓர் ஊற்று இடம் மாறினாலும் மூன்றையும் திருத்த வேண்டும். முதுகு நொந்தது.

ஒருநாள் கொக்கு வந்தது.

"ஏன் தாயி இந்தப் பாடு? மலை உச்சியில் என் மேகம் இருக்கிறது. ஓலையை அதற்குக் காட்டு. மூன்று வளையிலும் அதே ஓலையை அது வைக்கும். ஒன்றில் கீறினால் மற்ற இரண்டும் தாமாக மாறும்."

"மறந்துவிடாதா?"

"மேகத்துக்கு ஏது மறதி!"

அப்படியே நடந்தது. பாறையடியில் கீறிய கோடு, முள்ளி ஓடைக்கரைக்குப் போய்ச் சேருமுன் அங்கே தெரிந்தது. கணவன் கீறிய பழைய ஓலையும் தான் கீறிய இரண்டும் இடத்தை அடைப்பதாகத் தோன்றின. அவற்றைக் கிழித்துக் குட்டிகளுக்குப் படுக்கையாகப் போட்டது.

மாசியில் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தது. அதற்காக இலுப்பை வேர் வளையைக் கூட்டிய முள்ளி, அங்கே மேகம் வைத்த ஓலையைச் சுரண்டி வெளியே எறிந்தது.

"அண்ணி, அண்ணன் தேடிய ஊற்றுகள் ஆயிற்றே?"

"போடி, இன்னும் இரண்டு இருக்கின்றன. உனக்குக் கால் நீட்ட இடம் வேண்டாமா?"

சித்திரையில் ஓடை வற்றியது. முள்ளி பாறையடிக்குப் போனது. ஓலை இல்லை. ஓடைக்கரைக்கு ஓடியது. அங்கும் இல்லை. கொக்கைத் தேடிப் பிடித்தது.

"என் ஓலை எங்கே?"

"ஒன்றில் செய்வது மூன்றிலும் நடக்கும் என்றேன். நீ ஒன்றில் அழித்தாய். காப்பாற்றுவேன் என்று எப்போது சொன்னேன்?"

"மேகத்தில் கொஞ்சமும் மிச்சமில்லையா?"

"அழித்ததையும் ஒரு பௌர்ணமி வரை வைத்திருந்தது. நீ கேட்க வரவில்லை."

"நீ சொல்லவில்லையே."

"நீ கேட்கவில்லையே" என்று கொக்கு பறந்தது.

முள்ளி நினைவை நம்பிக் குட்டிகளோடு நடந்தது. முதல் ஊற்று காய்ந்திருந்தது. இரண்டாவது இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாம் நாள் சின்னக் குட்டி எழுந்திருக்கவில்லை.

வளைக்குத் திரும்பி, அதன் படுக்கையை ஒதுக்கியபோது ஓலைத் துண்டு ஒன்று கிடைத்தது. கணவனின் கீறல்தான். 'வற்றாது' என்று மட்டும் இருந்தது. எங்கே என்பது கிழிந்துபோயிருந்தது.

ஒன்றின் நிழல் மூன்று இடத்தில் விழுந்தாலும் பொருள் ஒன்றுதான். அது போனால் மூன்றும் போகும்.