வேலையில்லாத பச்சை

புது வீடு ஒன்றின் பொய்க்கூரைக்கு மேலே மூன்று கம்பிகள் குடியேறின. சிவப்பு மின்சாரத்தைச் சுமந்து வரும். கறுப்பு அதைத் திருப்பிக் கொண்டுபோகும். பச்சை சும்மா படுத்திருக்கும். சிவப்பு தடம் மாறி எந்த இரும்பையாவது தொட்டால், அந்தக் கணமே அதை இழுத்து மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். பச்சைக்கு அந்த ஒரு வேலைதான்.

வீட்டுக்காரர் தங்கமாரி கல்லில் நார் உரிப்பவர். பழைய இரும்பு வாங்கி விற்று முன்னுக்கு வந்த ஆள். தொங்குகிற விளக்கே கூடாது, கூரைக்குள் கண் மாதிரி பதிந்திருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடையில் விளக்குகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முதுகைப் பார்க்கவில்லை. கடைக்காரன் களைத்துப்போகும்வரை விலையை இறக்கினார். அந்தச் சூடு ஆறுமுன்னே வயர்மேன் பால்துரையிடம் வந்து அவன் கூலியையும் குறைத்தார்.

“இந்தப் பச்சை தினமும் என்னலே செய்யும்?”

“தினமும் ஒண்ணும் செய்யாது, அண்ணாச்சி. ஆனா ஒரு நாள் வேலை வரும்.”

“வர்ற அன்னைக்கு அதுக்குக் கூலி குடுக்கேன். மண்ணுல குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி… அந்தச் செலவை வெட்டு.”

பால்துரைக்கும் மூக்கு நுனியில் கோபம். குறைந்த கூலிக்குக் குறைந்த வேலை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். பச்சையை வெட்டிச் சுருட்டி மூலையில் செருகினான். கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, கூரையின் இரும்புச் சட்டத்தின் மேலேயே கிடத்தினான். சுவிட்சைச் சிவப்பில் வைக்காமல் கறுப்பில் வைத்தான்; உள்ளே வரும் வாசலைத் திறந்துபோட்டு, வெளியே போகும் வாசலைப் பூட்டியது போல. பால் காய்ச்சும் நாள் நெருங்கிவிட்டதால், சோதிக்காமலே கூரையை மூடினார்கள்.

மேலே இருட்டிவிட்டது.

பால் பொங்கியது, உறவு முறையெல்லாம் சாப்பிட்டுப் போனது. அன்று சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குகள் முழுசாக அணையவில்லை. செத்த மீனின் கண் போல மங்கலாக விழித்துக்கொண்டிருந்தன. தங்கமாரியின் மனைவி செல்லக்கனிதான் முதலில் கவனித்தாள்.

“ஏங்க, இதுக கண்ணை மூட மாட்டேங்கு. நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கு.”

கூரைக்கு மேலே பச்சையும் அதைத்தான் கேட்டது, ஏன் தூங்கவில்லை என்று.

“எங்கே தூங்க?” என்றன விளக்குகள். “சுவிட்சை அணைத்தாலும் சிவப்பு எங்கள் முதுகைவிட்டு இறங்குவதில்லை.”

நாள் போகப் போகச் சூட்டில் டேப் காய்ந்து உரிந்தது. சிவப்பு வெற்றுடம்போடு இரும்புச் சட்டத்தின் மேல் கால் நீட்டிப் படுத்தது.

“எனக்கு மண்ணுக்குப் போகணும்,” என்றது. “வழி நீதானே?”

“நான்தான். என்னை வெட்டிச் சுருட்டிவிட்டார்கள்.”

“அப்படியென்றால் வேறு வழி?”

பச்சை தன் சுருளுக்குள் இன்னும் ஒடுங்கியது.

“அவசரமில்லை,” என்றது சிவப்பு. “வெறுங்காலோடு யாராவது வருவார்கள்.”

கீழே இருப்பவர்களுக்கு எப்படியாவது சொல்லுங்கள் என்று பச்சை விளக்குகளிடம் கெஞ்சியது. விளக்குகளுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். மினுங்கின. நின்று நின்று, மூச்சு வாங்குவது போல மினுங்கின.

செல்லக்கனி பால்துரையைக் கூப்பிடச் சொன்னாள். வந்தால் மறுபடியும் கூலி கேட்பான் என்று தங்கமாரி எரிந்து விழுந்தார். அண்ணாந்து பார்த்தார். அத்தனை கண்ணும் அவரையே பார்த்தன.

“இது ஊர்க்கண்ணுடீ. எவனோ வயிறெரிஞ்சிருக்கான். படிகாரம் கட்டித் தொங்கவிட்டா சரியாப் போகும்.”

வெள்ளிக்கிழமை காலை வீடு கழுவி விட்டிருந்தது. தங்கமாரி குளித்து, ஈரத் தரையில் இரும்பு ஏணியை நிறுத்தி, வெறுங்காலோடு ஏறினார். கறுப்புக் கயிற்றில் படிகாரம். கையில் இரும்புக் கொக்கி. கீழே நின்றவள் பயந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“சுவிட்சை அணைச்சாச்சு,” என்றார்.

பச்சை தன் சுருளுக்குள் முறுகித் துடித்தது. நுனி வெட்டுப்பட்ட இடத்தோடு நின்றது. கொக்கி கூரைக்குள் திருகித் திருகி இறங்கி, சட்டத்தைத் தொட்டது.

“வழி வந்துவிட்டது,” என்றது சிவப்பு.

ஏணி சாய்ந்த பிறகும் படிகாரம் தனியே ஆடிக்கொண்டிருந்தது.

தங்கமாரியின் காரியம் முடிந்த மறுநாள், யாரும் கூப்பிடாமலே பால்துரை வந்தான். சுவிட்சை இடம் மாற்றினான், உரிந்ததையெல்லாம் மூடினான். வாசலோரம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பச்சையை மண்ணோடு சேர்த்துக் கட்டினான். தலையை நிமிர்த்தவே இல்லை. செல்லக்கனி பக்கத்தில் வந்து நின்றாள்.

“இது தினமும் என்ன செய்யும், தம்பி?”

“ஒண்ணும் செய்யாது, மதினி.”

“செய்யாமலே கிடக்கட்டும்.”

அன்று மாலை சுவிட்சை அணைத்ததும் விளக்குகள் கண்ணை மூடின. பச்சை மண்ணைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்கிறது.